என் வீட்டுக் குழாய் ஒரு சலவை நிலையம்

தண்ணீர் பில்லை யார் முழுதாகப் படிக்கிறார்கள்? தொகையைப் பார்ப்போம், கடைசித் தேதியைப் பார்ப்போம், கட்டிவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான். இந்த வீட்டை வாங்கி ஒன்றரை வருடம் ஆன பிறகு, காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மதியம், கையில் கிடைத்த பில்லை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். பெயர் சரி. கதவு எண் சரி. அதற்குக் கீழே 'வகை' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் 'வணிகம்: சலவை' என்று அச்சாகியிருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். துவைக்கிற இயந்திரம் ஒன்றே ஒன்று. ஆனால் கீழ்த்தளத்தில் முன்பு ஒரு சலவை நிலையம் நடந்தது உண்மை. வாங்கும்போதே தரையில் பெரிய இயந்திரங்கள் நின்ற இடத்தில் திருகாணித் துளைகள் இருந்தன. அவற்றை அடைத்து, மேலே புத்தக அலமாரி போட்டு, நான் மறந்தேபோனேன். பில் மறக்கவில்லை. ஒன்றரை வருடமாக வணிக விகிதத்தில் குளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காய்ச்சல் விட்டதும் தண்ணீர் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டாவது கவுன்ட்டரில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒருவர் இருந்தார். பில்லை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பேர் மாத்தினீங்களா சார்?"

"மாத்தினேனே. வாங்கின மாசமே."

"வகை மாத்தினீங்களா?"

"அதைத் தனியா மாத்தணுமா?"

"பேர் உங்களோடது. வகை இணைப்போடது. நாங்க ஆளை வகைப்படுத்தறதில்ல சார், இணைப்பைத்தான்."

சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். இதைக் கேட்டதும் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. மழுப்புகிறாரா, இல்லை உண்மையிலேயே அப்படி ஒரு கொள்கை இருக்கிறதா? படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த சில வாரங்கள் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லாரும் நொந்துபோனார்கள்.

அந்தக் கவுன்ட்டர்க்காரரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வகைப் பட்டியல் ஒன்று செருகியிருந்தது. பல நாட்டு நீர் நிர்வாகங்களின் பட்டியலிலும் அடிப்படை ஏறக்குறைய இதுதான் என்பது பிறகு தெரிந்தது. தனி வீடு, அடுக்குமாடி, கடை மற்றும் அலுவலகம், தொழிற்சாலை, பள்ளி மருத்துவமனை போன்ற நிறுவனங்கள், அரசுக் கட்டடம், தோட்டத்துக்கு மட்டும் தண்ணீர், கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு, இன்னொரு ஊருக்கு மொத்தமாகக் கொடுப்பது, தீயணைப்பு. இதன்மேல் அந்தந்த இடத்துக்கென்று சில விசேஷங்கள் சேரும். துறைமுக நகரமான ஹாங்காங்கில் கப்பல்களுக்குத் தனி வகை இருக்கிறது. அதிலும் பெருங்கடல் தாண்டிப் போகும் கப்பல் வேறு, அப்படிப் போகாத கப்பல் வேறு.

இந்தப் பட்டியலை யார் முதலில் போட்டார்கள் என்று தேடப் போய்த்தான் ரோமில் மாட்டிக்கொண்டேன்.

கி.பி. 97-ல் பேரரசர் நெர்வா, ஃபிரான்டினஸ் என்பவரை ரோம் நகரத்தின் நீர் நிர்வாகத்துக்குப் பொறுப்பாளராக நியமித்தார். அதற்கு முன்பு பிரிட்டனில் ஆளுநராக இருந்த பெரிய மனிதர். புதிய வேலையில் உட்கார்ந்ததும் தன் கீழ் வேலை பார்ப்பவர்கள் சொல்வதை நம்பாமல், தானே எல்லாவற்றையும் அளந்து எழுதிவைத்தார். அந்த அறிக்கை இன்றும் கிடைக்கிறது. அப்போது நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்தவை 9 கால்வாய்கள். ஒவ்வொன்றிலும் வரும் தண்ணீர் யாருக்குப் போகிறது என்று மூன்று தலைப்பில் பிரிக்கிறார்: பேரரசர் பெயரில், தனியாருக்கு, பொதுப் பயனுக்கு. பொதுப் பயனை மறுபடி நான்காக உடைக்கிறார்: படைமுகாம்கள், பொதுக் கட்டடங்கள், அலங்கார நீரூற்றுகள், தெருவில் மக்கள் மொண்டுகொள்ளும் தொட்டிகள். இரண்டாவது கவுன்ட்டர்க்காரரின் கண்ணாடிக்கு அடியில் இதைச் செருகினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

அதைவிட, எனக்கென்றே எழுதிவைத்தது போல ஒரு செய்தி அதில் இருந்தது. ஃபிரான்டினஸ் காலத்துக்கு முந்தைய பழைய சட்டத்தின்படி எல்லாத் தண்ணீரும் பொதுவுக்குத்தான். தனியார் எடுத்துக்கொள்ளலாம் என்றால், தெருத் தொட்டி நிரம்பித் தரையில் வழிகிற தண்ணீரை மட்டும்தான். அந்த வழிசலும் எல்லாருக்கும் கிடையாது. குளியல் நிலையம் நடத்துபவர்களுக்கும் துணி வெளுக்கும் தொழிற்கூடங்களுக்கும்தான். அதற்கு அவர்கள் பொதுக் கருவூலத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

அதாவது தண்ணீர்க் கட்டண வரலாற்றில் எட்டிப் பார்க்கக் கிடைக்கிற மிகப் பழைய வணிக வாடிக்கையாளர்களில் ஒருவர் சலவைக் கூடம். என் பில்லில் இருக்கிற வகைக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் வயது. இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "அதுக்காக நாம ஏன் கட்டணும்?" என்றாள். நியாயம்தான்.

ரோமில் வகையை நிர்ணயித்தது குழாயின் வாய். தண்ணீர் வழங்கும் உரிமை கிடைத்தவருக்கு, விநியோகத் தொட்டியில் வெண்கல முனை ஒன்றைப் பொருத்துவார்கள். அதன் விட்டம்தான் அவருடைய பங்கு. அளவு சரியாக இருக்கிறது என்பதற்கு முத்திரை குத்த வேண்டும். 25 அளவுகள் ஏட்டில் இருந்தன, 15 மட்டுமே புழக்கத்தில் இருந்தன என்கிறார் ஃபிரான்டினஸ். அந்த அளவுகளிலும் கைவரிசை காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் தண்ணீர் வழங்கப் பயன்படுத்திய 20 என்ற அளவுக் குழாயைத் தண்ணீர்ப் பணியாளர்கள் விதியில் உள்ளதைவிடச் சிறியதாக்கிவிட்டார்கள். தாங்கள் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் 100, 120 அளவுக் குழாய்களை மட்டும் பெரியதாக்கிக்கொண்டார்கள். வாங்கும்போது பெரிய படி, கொடுக்கும்போது சின்னப் படி. இடையில் மிச்சமாகும் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ரோமில் தண்ணீர் உரிமை ஆளோடு போய்விடும். வாரிசுக்கும் வராது, வீட்டை வாங்கியவருக்கும் வராது. புதிதாக வருபவர் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். பொதுக் குளியல் நிலையங்களுக்கு மட்டும் பழங்காலத்தில் விதிவிலக்கு இருந்திருக்கிறது. வீடு கைமாறும்போது பணியாளர்கள் செய்த தந்திரத்தையும் ஃபிரான்டினஸ் பதிவு செய்திருக்கிறார். புதிய உரிமையாளருக்காகத் தொட்டியில் புதிய துளை போடுவார்கள். பழைய துளையை அடைக்காமல் விட்டு, அதன் வழியாக வருகிற தண்ணீரை விற்றுவிடுவார்கள்.

இரண்டாவது கவுன்ட்டர்க்காரர் சொன்னது இதற்கு நேர் எதிர். ரோமில் பதிவேட்டில் இருந்தது ஆள். இன்று பதிவேட்டில் இருப்பது துளை. ஆள் வரலாம், போகலாம், பெயர் மாறலாம். துளை எதற்காகப் போடப்பட்டதோ, அதே வகையில் கிடக்கும், யாராவது போய்ப் படிவம் கொடுக்கும்வரை.

சரி, துளையை ஏன் வகைப்படுத்த வேண்டும்? எல்லாரும் குடிப்பது ஒரே தண்ணீர். எல்லாரிடமும் மீட்டர் இருக்கிறது. ஓடிய லிட்டருக்கு ஒரே விலை என்று வைத்துவிட்டுப் போகலாமே. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தண்ணீரை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு ஆகிற செலவில், தண்ணீரின் அளவைப் பொறுத்து ஏறி இறங்குவது ஒரு பகுதிதான்: ரசாயனம், பம்ப் ஓடும் மின்சாரம், இந்த மாதிரி. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய், மேல்நிலைத் தொட்டி, பம்பின் குதிரைத்திறன் எல்லாம் வருடம் முழுக்க எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைப் பார்த்துத் தீர்மானிப்பவை இல்லை. வருடத்திலேயே அதிகமாகத் தண்ணீர் போகிற நாளில், அந்த நாளிலும் அதிகமாகப் போகிற மணி நேரத்தில் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துத்தான் அளவு வைக்கிறார்கள். பந்திக்கு இலை போடுகிற கணக்கு மாதிரி. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதுதான் மண்டபத்தின் அளவைச் சொல்லும், நாள் முழுக்க எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது சொல்லாது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் வகைகளுக்கு அர்த்தம் வருகிறது. இரவு பகலாக ஓடும் ஒரு தொழிற்சாலை மணிக்கு மணி ஒரே அளவு இழுக்கும். மொத்தம் அதிகம், ஆனால் உச்சம் கிடையாது. நிர்வாகத்துக்கு அப்படிப்பட்ட வாடிக்கையாளர் தங்கம். வீடுகள் அப்படி இல்லை. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்கப் போவோம், ஒரே நேரத்தில் கழிப்பறைத் தொட்டி நிரப்புவோம், பிறகு பகல் முழுக்கக் குழாய் சும்மா கிடக்கும். தோட்டத்துக்கு மட்டும் தண்ணீர் வாங்குபவர் இன்னும் மோசம். மழை பெய்யும் மாதங்களில் ஒரு சொட்டு வேண்டாம் என்பார், கோடையின் உச்சத்தில், ஊரே திறக்கும் நேரத்தில், அவரும் திறப்பார். அமெரிக்க நீர்ப்பணிச் சங்கம் வகுத்திருக்கும் கட்டண முறைகளில் ஒன்று இதை அப்படியே கணக்காக்குகிறது. முதலில் சராசரிப் பயன்பாட்டுக்கான செலவு. அதன்மேல் சராசரியைத் தாண்டி எவ்வளவு ஏறுகிறீர்கள் என்பதற்கான செலவு. ஒரே மாதிரி ஏறி இறங்குபவர்களை ஒரே கூடையில் போடுகிறார்கள். அந்தக் கூடைதான் 'வகை'.

ஆக, கணக்குப்படி நல்ல பிள்ளை தொழிற்சாலை, தொல்லை கொடுப்பவர்கள் வீட்டுக்காரர்களான நாம். இருந்தும் பல இடங்களில் வீட்டு விகிதம் குறைவாகவும் வணிக விகிதம் அதிகமாகவும் இருப்பதற்குக் காரணம் பொறியியல் இல்லை, அரசியல். வீட்டுத் தண்ணீர் உயிர் வாழ, கடைத் தண்ணீர் சம்பாதிக்க என்ற நியாயம். அந்த நியாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. செலவுக் கணக்கு என்ற பெயரில் அதைச் சொல்லும்போதுதான் உறுத்துகிறது.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வகை தீயணைப்பு. தண்ணீரே வாங்காத வாடிக்கையாளர். ஒரு பெரிய கட்டடத்தின் தீயணைப்புக் குழாயில் பத்து வருடத்துக்குச் சோதனை ஓட்டம் தவிர ஒரு சொட்டும் ஓடாமல் இருக்கலாம். ஆனால் ஓட வேண்டிய நாளில் எவ்வளவு தெரியுமா? அமெரிக்காவில் சாதாரண வீடுகள் இருக்கும் பகுதிக்கே நிமிடத்துக்கு 1,000 கேலன் என்று கணக்கு வைப்பது வழக்கம். அதாவது சுமார் 3,800 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் குழாய்கள் 380-ஐ ஒரே நேரத்தில் திறந்தால் எவ்வளவோ அவ்வளவு. இரண்டு மணி நேரம் ஓடினால் நாலரை லட்சம் லிட்டர். ஊரில் பல தெருக்களின் அடியில் கிடக்கும் குழாய் இவ்வளவு பருமனாக இருப்பதற்குக் காரணம் நாம் குடிக்கிற தண்ணீர் இல்லை, என்றோ ஒரு நாள் பிடிக்கப் போகிற தீ. அதற்கான செலவை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் எங்கும் இழுபறி. லிட்டர் கணக்கு போட்டால் தீயணைப்புக்கு விழுவது பூஜ்ஜியம்.

அதனால்தான் லிட்டரோடு சேர்த்து மீட்டரின் அளவுக்கும் நிலைக்கட்டணம் வைக்கிறார்கள். மீட்டர் பெரியது என்றால் நீங்கள் திடீரென்று நிறைய இழுக்க முடியும். இழுக்கிறீர்களோ இல்லையோ, அந்த வசதியை உங்களுக்காக எடுத்துவைத்தாக வேண்டும். அமெரிக்கக் கணக்கில் வீடுகளுக்கான 5/8 அங்குல மீட்டர் நிமிடத்துக்கு 20 கேலன் தாங்கும், 1 அங்குல மீட்டர் 50, 2 அங்குலம் 160. சின்ன மீட்டரை ஒரு வீடு என்று வைத்தால் 1 அங்குலம் இரண்டரை வீடு, 2 அங்குலம் எட்டு வீடு. விட்டம் கொஞ்சம்தான் கூடுகிறது, கொள்ளளவோ தாவுகிறது. ஃபிரான்டினஸின் பணியாளர்கள் அந்த முனைகளின் விட்டத்தில் கொஞ்சம் வித்தியாசத்துக்கு ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது இப்போது புரிகிறது.

இந்த இடத்தில் எழுந்து போய் என் மீட்டரைப் பார்த்தேன். 25 மில்லிமீட்டர். பக்கத்து வீட்டில் 15. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

துளையை வகைப்படுத்துவதால் வருகிற உண்மையான வலி என் பில்லில் இல்லை. ஒரு துளைக்குப் பின்னால் எத்தனை வாய்கள் இருக்கின்றன என்பதில் இருக்கிறது. பல ஊர்களில் வீட்டு விகிதம் படிப்படியாக ஏறும். முதல் சில ஆயிரம் லிட்டர் மலிவு அல்லது இலவசம், அடுத்த படி கொஞ்சம் கூடுதல், அதற்கு மேல் அதிகம். ஏழை குறைவாகப் பயன்படுத்துவார், பணக்காரர் நீச்சல்குளம் நிரப்புவார் என்ற எண்ணம் இதன் பின்னால். தனி வீட்டில் தனி ஆள் இருந்தால் சரி. ஒரே குழாயை நான்கு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் முற்றத்தில் என்ன ஆகும்? ஒவ்வொரு குடும்பமும் சிக்கனமாகத்தான் இருக்கும், மீட்டருக்கு அது தெரியாது. கூட்டுத்தொகை மேல் படிக்குப் போய்விடும். நான்கு ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து மீட்டர் கண்ணுக்கு ஒரு பணக்காரராகிவிடுவார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இது நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம்வரை போனது. 2001 முதல் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற கொள்கை இருந்தது. நல்ல கொள்கை. அந்த எண் எப்படி வந்தது? ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர், வீட்டுக்கு 8 பேர், மாதத்துக்கு 30 நாள். பெருக்கிப் பாருங்கள், 6,000. ஜோஹன்னஸ்பர்கின் சோவெட்டோவில் ஃபிரி என்ற பகுதியில் ஒரு மனையில் முன்வீடு, பின்பக்கக் கொட்டகைகள் என்று எட்டுப் பேருக்கு மேல் வாழ்ந்தவர்கள் நிறைய. மனைக்கு ஒரே இணைப்பு, முன்கட்டண மீட்டர். இலவச அளவு தீர்ந்தால், பணம் போடும்வரை தண்ணீர் நின்றுவிடும். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்றது. மேல்முறையீட்டில் அது 42 ஆனது. 2009-ல் அரசியல் சாசன நீதிமன்றம் இரண்டையும் தள்ளிவிட்டது. எவ்வளவு போதும் என்று தீர்மானிப்பது அரசின் வேலை, வீட்டுக்கு இவ்வளவு என்ற கொள்கை நியாயமற்றது ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். ஆளுக்கு இவ்வளவு என்று போனால் யார் எந்த மனையில் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நடைமுறைச் சிக்கலும் பேசப்பட்டது. நாங்கள் ஆளை வகைப்படுத்துவதில்லை சார், இணைப்பைத்தான்.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. துளை நகராது, எண்ணலாம். மனிதர்கள் பிறப்பார்கள், கல்யாணமாகிப் போவார்கள், ஊரிலிருந்து தம்பி வந்து ஆறு மாதம் தங்குவான். அதையெல்லாம் ஒரு தண்ணீர் அலுவலகம் பின்தொடர வேண்டும் என்றால் எனக்கே பயமாக இருக்கிறது.

எண்ண எளிதானதைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்து. மீட்டர் இல்லாத வீடுகளுக்கு அங்கே இன்றும் வீட்டின் வாடகை மதிப்பை வைத்துத் தண்ணீர்க் கட்டணம் போடுகிறார்கள். எந்த வாடகை மதிப்பு? 1973-ல் மதிப்பிட்டது. 1990-க்குப் பிறகு அதைப் புதுப்பிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வாடகைதான் இன்றைய குளியலுக்கு விலை. என் சலவை நிலையத்தின் பேய் இதற்கு முன்னால் சின்னப்பிள்ளை.

ஆனால் அதே நாட்டில் வகை நல்லதும் செய்கிறது. 1999-ல் வந்த சட்டத்தின்படி பில் கட்டவில்லை என்பதற்காக ஒரு வீட்டின் தண்ணீரைத் துண்டிக்கக் கூடாது. துண்டிக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம், சிறை, தீயணைப்பு நிலையம் எல்லாம் உண்டு. சாதாரணக் கடை இல்லை. பில்லில் இருக்கும் ஒரு சொல் இங்கே விலையைத் தாண்டி, வால்வின் மேல் யார் கை வைக்கலாம் என்பதையே தீர்மானிக்கிறது. 'வணிகம்: சலவை' என்று எழுதியிருக்கும் வீட்டில் நான் மூன்று மாதம் கட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோதுதான், கூடுதலாகக் கட்டிய பணத்தைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

கலிஃபோர்னியா ஒரு குறுக்குக் கதை. 1996-ல் அங்கே வாக்காளர்கள் நிறைவேற்றிய ஒரு சட்டத் திருத்தத்தின்படி, தண்ணீர் போன்ற சேவைக்கு வாங்கும் கட்டணம் அந்தச் சேவைக்கு ஆகும் செலவைத் தாண்டக் கூடாது. 2015 ஏப்ரலில், கடும் வறட்சியின் நடுவே, ஆளுநர் மாநில அளவில் 25 சதவீதம் தண்ணீரைக் குறைக்கச் சொல்லி உத்தரவிட்ட அதே மாதத்தில், சான் ஹுவான் கேபிஸ்ட்ரானோ என்ற ஊரின் ஏறுபடிக் கட்டணத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. படிகள் வைக்கலாம், ஆனால் மேல் படியில் கொடுக்கும் தண்ணீருக்கு உண்மையிலேயே அவ்வளவு செலவாகிறது என்று காட்ட வேண்டும், ஊர் நிர்வாகம் காட்டவில்லை என்றது தீர்ப்பு. சிக்கனத்துக்காக விலையை ஏற்றுகிறோம் என்பது போதாது. நான் சற்று முன்பு உறுத்துகிறது என்றேனே, அதையே அங்கே சட்டமாக எழுதியிருக்கிறார்கள். படித்ததும் சந்தோஷப்பட்டேன். வறட்சி ஞாபகம் வந்ததும் சந்தோஷம் கொஞ்சம் வடிந்துவிட்டது.

வாடிக்கையாளரைப் போலவே தண்ணீருக்கும் வகை உண்டு. ஹாங்காங்கில் 1950-களிலிருந்து கழிப்பறைக்குக் கடல்நீர். அதற்கென்று தனிக் குழாய் வலை, கட்டணம் கிடையாது. சுத்திகரித்து மறுபடி கொடுக்கும் தண்ணீருக்கு அமெரிக்காவில் ஊதா நிறக் குழாய். கலிஃபோர்னியாவின் இர்வைன் ராஞ்ச் நீர் மாவட்டம் தேர்ந்தெடுத்த நிறம் அது, பிறகு மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே போகிற தண்ணீருக்கு வீட்டில் மீட்டர் கிடையாது. உள்ளே வந்ததில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போயிருக்கும் என்று வைத்துக் கட்டணம் போடுகிறார்கள். தோட்டக்காரர்கள் தனி மீட்டர் கேட்பது இதனால்தான், செடிக்கு ஊற்றியது சாக்கடைக்குப் போவதில்லையே. தொழிற்கூடக் கழிவு என்றால் அளவோடு அழுக்கின் அடர்த்தியும் சேரும். இங்கிலாந்தில் அதற்கு மேற்கு லண்டன் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் பெயரால் மாக்டன் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. என் கீழ்த்தளத்துக்காரர் அங்கே இருந்திருந்தால் சோப்புக்கும் துணியிலிருந்து உதிரும் நூலுக்கும் சேர்த்துக் கட்டியிருப்பார்.

படிவம் கொடுத்துப் பத்து நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். கையில் டேப்லெட் வைத்திருந்த இளம்பெண். கீழ்த்தளத்துக்குப் போய் அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். திருகாணித் துளைகள் அவர் கண்ணில் பட்டுவிட்டன. நூல் பிடிக்கும் தொட்டி மூடியிருக்கிறதா என்று கேட்டார். மூலையில் சலவை நிலையத்துக்காரர் விட்டுப்போன எஃகுத் தொட்டி ஒன்று இருந்தது. நாங்கள் தூரிகை கழுவப் பயன்படுத்துவோம்.

"இங்க அடுப்பு இருக்கா சார்?"

"இல்லையே. ஏன்?"

"அடுப்பு இருந்தா இது தனிச் சமையலறை. அப்ப ரெண்டு வீடுன்னு போடணும்."

அடுப்பு இல்லாததால் நாங்கள் ஒரே வீடானோம். அடுத்த பில்லில் 'குடியிருப்பு' என்று வந்தது. திருத்தம் விண்ணப்பித்த தேதியிலிருந்துதான் செல்லும், பழைய ஒன்றரை வருடம் போனது போனதுதான். ஆனால் தொகை நான் நினைத்த அளவு இறங்கவில்லை. இந்த முறை பில்லை முழுதாகப் படித்தேன். லிட்டருக்கான விகிதம் மாறியிருந்தது. நிலைக்கட்டணம் மாறவில்லை. மீட்டர் அளவு: 25 மி.மீ. சலவை நிலையம் வகையிலிருந்து இறங்கி விட்டத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

மீட்டரைச் சின்னதாக்கலாமா என்று குழாய் வேலை செய்பவரிடம் கேட்டேன். மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்று பயமுறுத்தினார். நம்பாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் திறந்துவிடச் சொல்லி, நான் வாசலில் மீட்டர் முன்னால் கைக்கடிகாரத்தோடு குந்தினேன். ஒரு நிமிடத்தில் 34 லிட்டர் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார். 15 மி.மீ. மீட்டர் இதைத் தாராளமாகத் தாங்கும்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். மீட்டர் அளவு முதல் கவுன்ட்டர் வேலையாம். இது வேறு படிவம், வேறு நிறம். இணைப்பு எண், இப்போதைய அளவு, வேண்டிய அளவு எல்லாம் எழுதினேன். கடைசியில் 'அளவைக் குறைப்பதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'சலவை நிலையம் காலி செய்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.